மல்லாந்து முழிச்சா என்ன ஆகும்? கர்ப்ப காலத் தூக்கம் பற்றி ஒரு எபிசோட்

(எபிசோடில் பேசியதை வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, திருத்திக் கொடுத்திருக்கிறேன்.)

வழக்கமா இந்த நிகழ்ச்சியில் ஆப், ஃபோன், வேலை மாறுவது, சம்பளம் பேசுவதுன்னு போய்க்கொண்டிருக்கும். இன்றைக்கு அதெல்லாம் இல்லை. எனக்கு இப்போது 32வது வாரம். நடுநடுவே மூச்சு வாங்கும், முடிந்தவரை எடிட்டில் வெட்டிவிடுகிறேன். மீதிக்கு மன்னிச்சிடுங்க.

நாலு வாரத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி. மணி மூணு இருக்கும். கண் விழித்துப் பார்த்தால் நான் மல்லாந்து படுத்திருக்கிறேன். சாதாரண நாளாக இருந்திருந்தால் திரும்பிப் படுத்துத் தூங்கியிருப்பேன். ஆனால் அன்றைக்கு சாயங்காலம்தான் என் ஃபோனில் இருக்கும் கர்ப்ப ஆப் ஒரு நோட்டிஃபிகேஷன் அனுப்பியிருந்தது: "28வது வாரம்! இனி மல்லாந்து படுக்காதீர்கள், குழந்தைக்கு ஆபத்து." அவ்வளவுதான். ஏன், எவ்வளவு ஆபத்து, தெரியாமல் அப்படிப் படுத்துவிட்டால் என்ன செய்வது, எதுவும் இல்லை.

உடனே இடது பக்கம் திரும்பினேன். வயிற்றில் கை வைத்தேன். அசைவு இல்லை. தண்ணீர் குடித்தேன். அப்போதும் இல்லை. என் கணவரை எழுப்பி, "நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்"னு சொன்னபோது எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை. மருத்துவமனை நம்பருக்கு அடித்தோம். "உடனே வாங்க"ன்னு சொன்னார்கள். போனோம். வயிற்றைச் சுற்றி பெல்ட் கட்டி சி.டி.ஜி. மெஷினைப் போட்ட உடனே குதிரை ஓடுகிற மாதிரி அந்த இதயத்துடிப்பு சத்தம். பெல்ட் கட்டினதில் கோபம் வந்துவிட்டது போல, குழந்தை ஒரு உதையும் கொடுத்தது.

எல்லாம் நல்லபடியாக இருக்கிறதுன்னு பார்த்த பிறகு டியூட்டி டாக்டர் என்னிடம் இரண்டு விஷயம் சொன்னார். "அசைவு குறைஞ்ச மாதிரி தோணினா, இதே மாதிரி எத்தனை தடவை வேணும்னாலும் வாங்கம்மா. யாரும் திட்ட மாட்டோம். ஆனா மல்லாந்து முழிச்சதுக்காக அழாதீங்க. அது வேற, இது வேற."

இந்த எபிசோட் முழுக்க அந்த இரண்டு வாக்கியத்துக்கு விளக்கம்தான். ஏனென்றால் எனக்கு அது அன்றைக்கே புரிந்துவிடவில்லை. அடுத்த பத்து நாள் கையில் கட்டியிருக்கும் வாட்ச்சில் ஒரு மணிக்கு ஒரு தடவை அலாரம் வைத்து, எந்தப் பக்கம் படுத்திருக்கிறேன்னு பார்த்துக்கொண்டிருந்தேன். பகலில் டீம் மீட்டிங்கில் கேமரா ஆனில் இருக்கும்போதே தூங்கி விழுந்தேன். அப்புறம்தான் உட்கார்ந்து, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்து, என் டாக்டரிடம் ஒரு பக்கம் நிறைய கேள்வி எழுதிக்கொண்டு போனேன். நான் டாக்டர் இல்லை. இரட்டைக் குழந்தை, ரத்த அழுத்தம், சர்க்கரைன்னு உங்களுக்கு வேறு ஏதாவது இருந்தால் உங்கள் டாக்டர் சொல்வதுதான் உங்களுக்கு. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

உடம்பின் கீழ்ப்பாதியில் ஓடிய ரத்தம் இதயத்துக்குத் திரும்பி வர ஒரு பெரிய குழாய் இருக்கிறது. கீழ்ப்பெருஞ்சிரைன்னு பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். முதுகெலும்பை ஒட்டி, கொஞ்சம் வலது பக்கமாக மேலே ஏறும். சிரை என்பதால் சுவர் மெல்லியது, உள்ளே அழுத்தமும் குறைவு. ஆகவே மேலிருந்து ஏதாவது அழுத்தினால் சுலபமாகத் தட்டையாகிவிடும்.

28வது வாரத்தில் குழந்தை மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ. அதோடு பனிக்குடத் தண்ணீர், நஞ்சு, கர்ப்பப்பை எல்லாம் சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள். மல்லாந்து படுத்தால் இந்த மொத்த எடையும் அந்தச் சிரையின் மேல் உட்காருகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. திரும்புவது குறைந்தால் இதயம் வெளியே அனுப்புவதும் குறையும். கர்ப்பப்பைக்குப் போகிற பங்கும் குறையும்.

ஆனால் உடம்பு சும்மா இருக்காது. மத்திய கைலாஷ் சிக்னல் அடைத்துக்கொண்டால் நாம் உள்தெருவில் புகுந்து போவோம் இல்லையா? அதே மாதிரி முதுகெலும்பை ஒட்டிய வேறு சிரைகள் வழியாக ரத்தம் மாற்றுப் பாதை எடுக்கும். அதனால்தான் மல்லாந்து படுத்தாலும் பல பேருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. சிலருக்குத் தலை சுற்றும், வியர்க்கும், குமட்டும். எனக்கு ஸ்கேன் டேபிளில் அப்படி ஆயிருக்கிறது. பக்கவாட்டில் திரும்பியதும் ஒரு நிமிடத்தில் சரியாகிவிட்டது. ஸ்கேனுக்காகச் சில நிமிடம் மல்லாந்து படுப்பதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். தலை சுற்றினால் வாய் திறந்து சொல்லிவிடுங்கள், அது போதும்.

மருத்துவர்கள் இதை எவ்வளவு சாதாரணமாகக் கையாளுகிறார்கள் என்பதற்கு ஒரு உதாரணம். சிசேரியன் செய்யும்போது தாய் மல்லாந்துதானே படுக்க வேண்டும்? அதற்காக டேபிளை இடது பக்கமாகச் சுமார் 15 டிகிரி சாய்ப்பார்கள், அல்லது வலது இடுப்புக்குக் கீழே ஒரு அண்டை கொடுப்பார்கள். கொஞ்சம் சரித்துவிட்டாலே சிரையின் மேல் இருக்கும் பாரம் குறையும். இந்த "கொஞ்சம் சரித்தால் போதும்" என்பதை ஞாபகத்தில் வையுங்கள். தலையணை பற்றிப் பேசும்போது திரும்ப வருவோம்.

அந்த எண்கள் என்ன சொல்கின்றன?

ஆப் பயமுறுத்தியதற்குப் பின்னால் உண்மையான ஆய்வுகள் இருக்கின்றன. 2011இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருந்து ஒரு ஆய்வு வந்தது. படுக்கும் நிலைக்கும், கர்ப்பத்தின் கடைசிக் கட்டத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோவதற்கும் தொடர்பு இருக்கலாம்னு அது சொன்னது. பிறகு 2017இல் பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வில், மல்லாந்து படுத்துத் தூங்கப்போனவர்களுக்கு அந்த ஆபத்து 2.3 மடங்குன்னு வந்தது. இதெல்லாம் 28 வாரத்துக்குப் பிறகான கணக்கு. இந்த மாதிரி ஐந்து ஆய்வுகளின் தரவைச் சேர்த்து 2019இல் மறுபடி கணக்குப் போட்டார்கள். அதிலும் 2.6 மடங்கு பக்கத்தில்தான் வந்தது.

கேட்கும்போது வயிற்றைக் கலக்குகிறது இல்லையா? எனக்கும் கலக்கியது. ஆனால் "இரண்டு மடங்கு" என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எதில் இரண்டு மடங்கு? பிரிட்டனில் அந்தக் காலகட்டத்தில் 1000 பிரசவத்துக்குச் சுமார் 4 குழந்தைகள் இப்படி இறந்து பிறந்தன. அதை 2.3ஆல் பெருக்கினாலும் 1000இல் 10ஐத் தொடாது. அதாவது மல்லாந்தே படுத்தாலும் 990க்கும் மேற்பட்ட குழந்தைகள் நல்லபடியாகப் பிறக்கும். ஒரு குழந்தையின் இழப்பு யாருக்கும் சின்ன விஷயம் இல்லை. அதனால்தான் அந்த அறிவுரை சரியானது: காசு செலவில்லை, மாத்திரை இல்லை, பக்கவாட்டில் படுத்தால் போதும். ஆனால் ராத்திரி மூணு மணிக்கு அழுகிற அளவுக்கு அது பெரிய எண் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை, குழந்தையை இழந்த தாய்மார்களிடம் பிறகு போய், "அன்றைக்கு எப்படிப் படுத்தீர்கள்?" என்று கேட்டவை. துக்கத்தில் இருப்பவரின் ஞாபகம் எப்படி இருக்கும்? "நான் என்ன தப்பு பண்ணினேன்"னு தேடும் மனது, மல்லாந்து படுத்த ராத்திரியை அழுத்தமாக நினைவில் வைத்திருக்கலாம். இதற்கு மாறாக, அமெரிக்காவில் 8,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் முன்கூட்டியே கேட்டு வைத்து, பிறகு என்ன ஆனதுன்னு பார்த்தார்கள். 2019இல் வந்த அந்த ஆய்வில், 30வது வாரம் வரை எப்படிப் படுத்தாலும் பாதிப்போடு தொடர்பு தெரியவில்லை. ஆகவே முதல் ஆறு மாதம் நீங்கள் எப்படிப் படுத்தீர்கள் என்பதை நினைத்து இப்போது கவலைப்பட ஒன்றுமில்லை. கடைசி மூன்று மாதத்துக்குத்தான் பக்கவாட்டு விதி. பிரிட்டன் அரசின் மருத்துவ வழிகாட்டுதலும் 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து தூங்கப்போகாமல் இருக்கத்தான் சொல்கிறது.

அந்தச் சொல்லைக் கவனியுங்கள்: "தூங்கப்போகாமல்." நீங்கள் எந்த நிலையில் கண் விழிக்கிறீர்கள் என்பது அறிவுரை இல்லை. எந்த நிலையில் கண் மூடுகிறீர்கள் என்பதுதான். தூங்கப்போகும் நிலையில்தான் பொதுவாக ராத்திரியின் நீளமான பகுதியைக் கழிக்கிறோம். தூக்கத்தில் புரள்வது நம் கையில் இல்லை. விழித்துப் பார்த்து மல்லாந்து இருந்தால் பக்கவாட்டில் திரும்புங்கள், தூங்குங்கள். பாத்ரூம் போய்விட்டு வந்தால் மறுபடி பக்கவாட்டில் படுங்கள். பகல் தூக்கத்துக்கும் அதேதான். முழு விதியும் இவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொண்ட அன்றைக்குத்தான் வாட்ச் அலாரத்தை எடுத்தேன்.

இடதா, வலதா? அப்புறம் அந்தக் கொடி

இடது பக்கம்தான் படுக்கணும்னு எல்லாரும் சொல்வார்கள். சிரை வலது பக்கம் இருப்பதால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் 2019இல் ஐந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது இடதுக்கும் வலதுக்கும் ஆபத்தில் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு இடது இடுப்பு மரத்துப்போய் வலி எடுத்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு அதே பக்கம் கிடந்தேன். தேவையே இருந்திருக்கவில்லை. ஒரு பக்கம் வலித்தால் மறுபக்கம் மாறுங்கள். நெஞ்செரிச்சல் இருந்தால் மட்டும் இடது பக்கம் கூடுதல் சுகம், காரணம் பிறகு சொல்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டில் நடந்த பெரிய விவாதம். என் அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். வந்த முதல் ராத்திரியே நான் புரண்டு படுப்பதைப் பார்த்துவிட்டு, "அடியே, படுத்த வாக்குல புரளாத. எழுந்து உட்கார்ந்து அப்புறம் அந்தப் பக்கம் படு. கொடி சுத்திக்கும்"ன்னார். உங்களில் பல பேர் இதைக் கேட்டிருப்பீர்கள். நானும் ஒரு வாரம் அப்படியே செய்தேன். ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்தால் தூக்கம் முழுசாகக் கலைந்துவிடும். ஏற்கெனவே நாலு தடவை பாத்ரூம் போகிறவளுக்கு இது வேறு.

உண்மை என்னவென்றால், பிறக்கும் நாலைந்து குழந்தைகளில் ஒன்றுக்குக் கழுத்தில் கொடி சுற்றித்தான் இருக்கும். கொடியின் நீளம் சராசரியாக 50 சென்டிமீட்டர். குழந்தை பனிக்குடத் தண்ணீரில் மிதந்துகொண்டு, குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு இருக்கிறது. அது நகர்வதில்தான் சுற்றுகிறது, பல தடவை தானாகவே பிரியவும் செய்கிறது. நீங்கள் கட்டிலில் புரள்வதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சுற்றியிருந்தாலும் பெரும்பாலான பிரசவங்களில் தலை வெளியே வந்ததும் விரலால் எடுத்துவிடுவார்கள்.

இதை அம்மாவிடம் சொன்னால் சண்டை வரும்னு நினைத்தேன். அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடமே கேட்க வைத்தேன். திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா சொன்னது: "எங்க காலத்துல ஸ்கேனா இருந்துச்சு? கொடி சுத்திப் பிறந்தா ஏன்னு கேக்க ஆள் இல்ல. எங்க மாமியார் சொன்னதை நான் சொன்னேன்." அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அதே அம்மாதான் ஏழாம் மாதம் பிறந்ததிலிருந்து, "மல்லாக்கப் படுக்காத, ஒருக்களிச்சுப் படு"ன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆய்வுகள் 2011இல் சொல்ல ஆரம்பித்ததை அவர் மாமியார் அதற்கு முன்பே சொல்லியிருக்கிறார். ஒன்றில் சரி, ஒன்றில் தவறு. இரண்டையும் ஒரே மூட்டையாக ஏற்கவும் வேண்டாம், ஒரே மூட்டையாகத் தூக்கிப் போடவும் வேண்டாம்.

புரளும்போது இடுப்பெலும்பு வலித்தால் ஒரு வழி: இரண்டு முழங்காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்புங்கள். எழும்போது நேராக மேலே எழாமல், பக்கவாட்டில் திரும்பி, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். பாயில் படுத்துப் பழகியவர்கள் பாயிலேயே படுக்கலாம். ஆனால் எழுந்திருக்கச் சிரமமாக இருந்தால், அல்லது பிடித்து எழ ஒன்றும் இல்லையென்றால், கட்டிலுக்கு மாறிவிடுவது நல்லது.

தலையணை: வாங்குவதற்கு முன்னால்

என் கணவர் பயத்தில் யு வடிவத்தில் ஒரு பெரிய கர்ப்பத் தலையணை ஆர்டர் பண்ணினார். வந்த பிறகு கட்டிலில் நானும் தலையணையும் மட்டும்தான். அவர் பத்து நாள் தரையில் படுத்தார். பிடித்திருந்தால் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் வீட்டில் இருக்கும் மூன்று தலையணையும் இரண்டு பழைய பருத்திப் புடவையும் அதே வேலையைச் செய்யும்.

ஒன்று, முழங்கால்களுக்கு நடுவில். மேல் காலின் பாரம் இடுப்பை இழுக்காமல் இருக்க. முழங்காலில் இருந்து கணுக்கால் வரை தாங்கினால் இன்னும் சுகம். இரண்டு, வயிற்றுக்குக் கீழே. இதற்குத் தலையணை தடிமனாக இருக்கும், மடித்த புடவைதான் சரி. மூன்று, முதுகுக்குப் பின்னால். இதுதான் முக்கியம். தூக்கத்தில் பின்பக்கம் சரிந்தாலும் முழுசாக மல்லாராமல் இது தடுக்கும். அந்த 15 டிகிரி ஞாபகம் இருக்கிறதா? சிசேரியன் டேபிளில் செய்வதைத்தான் இங்கே ஒரு தலையணை செய்கிறது. இதைப் போட்ட பிறகு எனக்கு ராத்திரி பயம் பாதி போய்விட்டது.

நம்மை எழுப்பும் மற்ற விஷயங்கள்

படுக்கும் நிலை ஒரு பகுதிதான். தூக்கத்தைக் கெடுக்க வேறு ஆட்களும் இருக்கிறார்கள்.

பாத்ரூம்: தண்ணீரைக் குறைக்காதீர்கள். நேரத்தை மாற்றுங்கள். பகலில் நிறைய குடித்துவிட்டு, படுப்பதற்கு முன் இரண்டு மணி நேரம் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரியட்டும். பாத்ரூம் தரை ஈரமில்லாமல் இருக்கட்டும், வழுக்காத செருப்பு போடுங்கள். பெரிய லைட்டைப் போடாமல் இருந்தால் திரும்ப வந்து சீக்கிரம் தூங்கலாம்.

நெஞ்செரிச்சல்: புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இரைப்பையின் மேல் வாசலில் இருக்கும் வால்வைத் தளர்த்திவிடுகிறது. கீழிருந்து கர்ப்பப்பையும் மேலே தள்ளுகிறது. ஆக, ராத்திரி பத்து மணிக்குக் காரச் சட்னியோடு தோசை சாப்பிட்டால் பதினொரு மணிக்கு அது தொண்டைக்கு வரும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். தலைப்பக்கத்தை உயர்த்திக்கொள்ளுங்கள். இரைப்பை இடது பக்கம் இருப்பதால், இடது பக்கம் படுத்தால் அமிலம் மேலே ஏறுவது குறையும்.

கெண்டைக்கால் பிடிப்பு: பாதி ராத்திரியில் நரம்பு சுண்டி இழுக்கிற மாதிரி வரும். காலை நீட்டி, விரல்களை முகத்தை நோக்கி மேலே இழுங்கள். பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டாதீர்கள், அது பிடிப்பைக் கூட்டும்.

கால் சும்மா இருக்க மாட்டேங்குதா? படுத்தவுடன் காலில் ஏதோ ஊர்கிற மாதிரி, ஆட்டிக்கொண்டே இருக்கணும் போல இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவோடு இதற்குத் தொடர்பு உண்டு. நம் நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடோ, கால்சியம் மாத்திரையோடு சேர்த்தோ போடாதீர்கள். உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சை, நெல்லிக்காய் மாதிரி வைட்டமின் சி உள்ளதோடு போட்டால் நன்றாகச் சேரும்.

காபி: ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் காஃபீனுக்குள் என்பதுதான் பொதுவான அறிவுரை. டீ, கோலா, சாக்லேட் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். இன்னொரு விஷயம் எனக்குப் புதுசு: கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் காஃபீன் உடம்பை விட்டு வெளியேற மூன்று மடங்கு நேரம்கூட ஆகலாம். சாயங்காலம் நாலு மணி காபி நடுராத்திரியிலும் வேலை செய்துகொண்டிருக்கும். நான் காலையில் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். முதல் வாரம் கொடுமை, பிறகு பழகிவிட்டது.

வேலை: எனக்கு ராத்திரி ஒன்பதரைக்கு அமெரிக்க டீமோடு தினமும் கால். முடிந்த பிறகு மூளை அணையவே ஒரு மணி நேரம் ஆகும். கேட்கத் தயங்கி ஏழு மாதம் ஓட்டினேன். கேட்டபோது மேனேஜர் வாரத்துக்கு இரண்டாகக் குறைத்துவிட்டார். எல்லாருக்கும் இப்படி அமையாதுன்னு தெரியும். ஆனாலும் கேட்டுப் பாருங்கள்.

தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை, "இயற்கையானது"ன்னு விற்கும் மூலிகை, எதுவாக இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

காலை வரை காத்திருக்கக் கூடாதவை

இனி டாக்டர் சொன்ன முதல் வாக்கியத்துக்கு வருவோம். மல்லாந்து முழிச்சது அவசரம் இல்லை. கீழே சொல்பவை அவசரம்.

குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால், அல்லது நின்றால். வயிற்றுக்குள் குழந்தை தூங்கும், பொதுவாக ஒரு தடவைக்கு 20 முதல் 40 நிமிடம். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுவது அபூர்வம். எண்ணும் முறையை உங்கள் டாக்டர் சொல்லிக் கொடுத்திருப்பார். ஆனால் உங்கள் குழந்தையின் வழக்கம் உங்களுக்குத்தான் தெரியும். அது மாறியதாகத் தோன்றினால் போங்கள். "கடைசி மாசத்துல இடம் இல்லாம அசையாது"ன்னு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அசைவின் தன்மை மாறலாம், குறையக் கூடாது.

ரத்தக்கசிவு, தண்ணீர் உடைவது, விட்டுவிட்டு வரும் வலி. கடுமையான தலைவலி, கண் மங்குவது, மேல் வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது: இவை ரத்த அழுத்தம் ஏறியதன் அறிகுறியாக இருக்கலாம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், அல்லது திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி: ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். இதில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை. வண்டி இல்லையென்றால் 108.

மறுநாளே சொல்ல வேண்டியவை இரண்டு. உள்ளங்கை, உள்ளங்காலில் ராத்திரி நேரத்தில் தாங்க முடியாத அரிப்பு: கல்லீரல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை வேண்டும். புதிதாகச் சத்தமான குறட்டை: மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பக்கத்தில் படுப்பவர்தான் கவனிக்க முடியும். ரத்த அழுத்தத்தோடு இதற்குத் தொடர்பு இருப்பதால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

கடைசியாக, எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு வாரமாகத் தூக்கமே வரவில்லை, அழுகை வருகிறது, எதிலும் பிடிப்பில்லை என்றால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ராத்திரி நேரத்தில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, தமிழிலும் பேசுவார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவள் நடுராத்திரி எழுப்பி "பயமா இருக்கு"ன்னு சொன்னால், "ஒண்ணும் இருக்காது, தூங்கு" என்று சொல்லாதீர்கள். அன்றைக்கு என் கணவர் சொன்னது, "சரி, போய்ப் பார்த்துட்டே வந்துடுவோம்." போய் வர ஆட்டோ செலவும் ஒரு ராத்திரித் தூக்கமும்தான் போனது.

நேற்று ராத்திரியும் மல்லாந்துதான் முழித்தேன். மணி இரண்டேகால். முதுகுத் தலையணை எங்கேயோ கீழே கிடந்தது. எடுத்து வைத்துக்கொண்டு வலது பக்கம் திரும்பினேன். உள்ளேயிருந்து ஒரு உதை வந்தது. அப்புறம் தூங்கிவிட்டேன்.

கர்ப்பமாக இருக்கும் உங்கள் அக்கா, தங்கை, ஃபிரெண்டு, டீம்மேட் யாருக்காவது இந்த எபிசோட் உதவும்னா அனுப்புங்கள். அடுத்த எபிசோட் எப்போதுன்னு கேட்காதீர்கள், அதை முடிவு பண்ணுகிறவர் இன்னும் வெளியே வரவில்லை.